சின்னப் பெட்டி, பெரிய மின்பட்டியல்

உக்குவளைப் பக்கம் ஒரு லயன் வீட்டில், மேசை மேல் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. அம்மாவின் இன்சுலினுக்காகக் கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பியது. “சின்னதுதானே தம்பி, கரண்ட் பெரிசா இழுக்காது” என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கணக்குப் போடும் வரை.

இந்தப் பெட்டிகளுக்குள் கொம்பிரசர் கிடையாது. இரு வேறு கடத்திகளின் வழியே மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதை 1834இல் பிரான்சைச் சேர்ந்த பெல்டியர் கண்டுபிடித்தார். அந்த விளைவில் இயங்கும் ஒரு மெல்லிய தகடும் மின்விசிறியும்தான் உள்ளே இருக்கின்றன. சிக்கலும் அந்தத் தகட்டில்தான். மின்சாரமே அதைச் சூடாக்குகிறது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் திரும்பவும் கசிகிறது. கொம்பிரசர் பெட்டியோ வாயுவை அமுக்கி, ஆவியாக்கி, தான் செலவழிக்கும் மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பத்தை வெளியேற்றிவிடும். பெல்டியர் பெட்டி பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டாது.

12 வோல்ட்டில் 4 அம்பியர் என்றால் ஏறக்குறைய 50 வொட். மலிவான பெட்டிகள் இடைவிடாமல் ஓடுபவை. நாளுக்கு 1.2 அலகு, மாதத்துக்கு 36. சிறிய பிரிஜ் ஒன்று விட்டுவிட்டு ஓடுவதால் 15 முதல் 25 அலகோடு நின்றுவிடும். ஏற்கெனவே 40 அலகு எரிக்கும் வீடு 36ஐச் சேர்த்தால் 60ஐத் தாண்டும். நம் நாட்டுக் கட்டண முறையில் அந்தக் கோட்டைத் தாண்டினால் அலகு விலை, நிலையான கட்டணம் இரண்டுமே கூடும்.

அதைவிட முக்கியமானது மருந்து. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். இந்தப் பெட்டியோ வெளி வெப்பநிலையிலிருந்து 15, 20 பாகைதான் குறைக்கும். தம்புள்ளையின் 33 பாகை வெயிலில் உள்ளே 13க்குக் கீழே இறங்காது. மின்சாரம் போனால் குளிரும் விரைவாகப் போய்விடும். 2022 மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

வானில் தூரப் பயணம் போகையில், ஏற்கெனவே குளிர்ந்த பொருளைச் சில மணி நேரம் வைத்திருக்க இது நல்ல துணை. பாவனைக்கு எடுத்த இன்சுலினை, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்குக் கீழே நான்கு வாரமளவு வெளியிலேயே வைக்கலாம். ஈர மண்பானை போதும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா இப்போது திறக்காத குப்பிகளைப் பக்கத்து வீட்டுப் பிரிஜ்ஜில் வைக்கிறார். வெள்ளைப் பெட்டிக்குள் வெற்றிலை இருக்கிறது, பிளக் கழற்றியபடி.