விண்வெளி நிலையத்துல கொலை நடந்தா, கேப்டன் விசாரிக்கலாமா?

இன்னிக்குக் கொஞ்சம் விவகாரமான ஒரு கற்பனை.

2037னு வச்சுக்குவோம். பூமிக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல இந்தியாவோட சொந்த விண்வெளி நிலையம் சுத்திக்கிட்டிருக்கு. கமாண்டர் நம்ம விமானப்படை அதிகாரி, பெங்களூருல பயிற்சி எடுத்தவர். உள்ளே மொத்தம் நாலு பேர். ஒருநாள் எழுந்து பார்த்தா, அதுல ஒருத்தர் உயிரோட இல்ல. உடம்புல காயம். சந்தேகம் விழுறது, விருந்தாளியா வந்திருக்கிற இன்னொரு நாட்டு ராணுவ அதிகாரி மேல. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஆகாது. ஆகாத நாட்டுக்காரரை ஏன் ஏத்தினாங்கன்னு கேட்காதீங்க. சர்வதேச விண்வெளி நிலையத்துல இன்னிக்கும் அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்காங்க.

கமாண்டர், பெங்களூரு பீன்யாவுல இருக்கிற இஸ்ரோவோட இஸ்ட்ராக் மையத்துக்குத் தகவல் சொல்லிட்டார். இப்ப அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"ன்னு கேட்கணும். அங்க ஒரு நாளைக்கு 16 தடவை சூரியன் உதிக்கும், அதனால எந்த ராத்திரின்னு அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். அது போகட்டும். கேட்கிறதுக்கு இவருக்கு அதிகாரம் இருக்கா?

சினிமாவுல இது பிரச்சினையே இல்ல. 1991ல வந்த ஸ்டார் ட்ரெக் ஆறாவது படத்துல, எதிரி சாம்ராஜ்யத்தோட தலைவரைக் கொன்னுடுவாங்க; எதிரிங்க கேப்டன் கிர்க்கையே பிடிச்சுக் கூண்டுல ஏத்திடுவாங்க. யார் கையில ஆள் சிக்கினானோ அவங்கதான் நீதிபதி. நிஜத்துல அப்படி இல்ல.

1967ல வந்த விண்வெளி ஒப்பந்தம், எட்டாவது பிரிவு. ஒரு விண்கலம் எந்த நாட்டுப் பேர்ல பதிவாகியிருக்கோ, அந்த நாட்டுக்குத்தான் அது மேலயும் உள்ளே இருக்கிறவங்க மேலயும் அதிகாரம். அப்ப நம்ம நிலையம், நம்ம சட்டம். முடிஞ்சதா? இல்ல. ஒப்பந்தம் நாட்டுக்கு அதிகாரம் குடுக்குது. அந்த அதிகாரத்தை எடுத்து ஒரு போலீஸ்காரர் கையில, ஒரு நீதிபதி கையில குடுக்க உள்நாட்டுச் சட்டம் வேணும்.

நம்ம குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவை எடுத்துப் பாருங்க. முதல் பிரிவோட ஐந்தாவது உட்பிரிவு. இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு வெளிய எங்க போய்க் குற்றம் செஞ்சாலும் இந்தச் சட்டம் பொருந்தும். அதனால 2025 ஜூன்ல சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குப் போனப்ப, இந்தியச் சட்டமும் அவர் கூடவேதான் போச்சு. ஆனா நம்ம கதையில சந்தேகம் வெளிநாட்டுக்காரர் மேல. அவரைப் பிடிக்கிற வரி என்ன சொல்லுது? இந்தியாவில் பதிவான கப்பல், இல்லன்னா விமானம். அதுல யார் குற்றம் செஞ்சாலும் பொருந்தும். அவ்வளவுதான். விண்கலம் அந்த வரியில இல்ல. கப்பல்னா விண்கலமும் சேர்த்துத்தான்னு அரசு வக்கீல் வாதாடலாம். ஆனா கிரிமினல் சட்டத்தை இழுத்து நீட்டிப் படிக்க நீதிமன்றங்கள் லேசுல ஒத்துக்காது.

இப்போதைய சர்வதேச நிலையத்துல இதை எப்படிச் சமாளிக்கிறாங்க? 1998ல போட்ட ஒப்பந்தம், 22வது பிரிவு. யார் குற்றவாளியோ அவரோட நாடுதான் முதல்ல வழக்கு நடத்தும். பாதிக்கப்பட்ட நாடு கேட்டா பேசணும். 90 நாளுக்குள்ள அந்த நாடு சம்மதிச்சாலோ, வழக்குப் போடுறதா உறுதி குடுக்காம இருந்தாலோ, பாதிக்கப்பட்ட நாடு வழக்கைக் கையில எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஒரே குறை, இது கூட்டாளி நாடுகளுக்கு மட்டும். இந்தியா அதுல கூட்டாளி இல்ல.

இப்ப நம்ம கமாண்டர்கிட்ட வருவோம். என்னைக் கேட்டா, அவர் அந்த அதிகாரிகிட்ட விசாரணையே நடத்தக் கூடாது. கோழைத்தனம்னு நினைக்காதீங்க, காரணம் சொல்றேன்.

விமானத்துல ஒருத்தர் இன்னொருத்தரைக் குத்திட்டார்னா, பைலட் என்ன பண்ணுவார்? 1963 டோக்கியோ ஒப்பந்தப்படி, ஆளைக் கட்டி வைக்கலாம், இறங்கின ஊர்ல அதிகாரிகள்கிட்ட ஒப்படைக்கலாம், கையில இருக்கிற ஆதாரத்தையும் குடுக்கலாம். விசாரிக்கிறது அவர் வேலை இல்ல. விண்வெளிக் கமாண்டருக்கும் நியாயமா அதே அளவுதான்: பாதுகாப்பு, ஒழுங்கு, தேவைப்பட்டா கட்டுப்படுத்துறது.

அதையும் தாண்டி விசாரிச்சா என்ன ஆகும்? சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 22வது பிரிவு. அதிகாரத்துல இருக்கிற ஒருத்தர் மிரட்டியோ, ஆசை காட்டியோ வாங்கின ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பூமிக்குத் திரும்புற கலத்துல யார் ஏறலாம்னு முடிவு பண்றவர் கமாண்டர். அவர் "உண்மையைச் சொல்லிடுங்க, பத்திரமா ஊர் போய்ச் சேரலாம்"னு அன்பாச் சொன்னாக்கூட, அது வாக்குறுதியா மிரட்டலான்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாரம் குறுக்கு விசாரணை பண்ணுவார். கொலையாளி நிஜமாவே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாலும் அந்த வாக்குமூலம் நிக்காம போகலாம்.

வலுக்கட்டாயமா உண்மையை வரவழைக்கிற விஷயத்துல பெங்களூருக்கே ஒரு பழைய கதை உண்டு. 2000களோட முற்பகுதியில நார்கோ பரிசோதனைன்னாலே இந்த ஊர்த் தடய அறிவியல் ஆய்வகம்தான். முத்திரைத்தாள் மோசடி தெல்கிக்கும் இங்கதான் மருந்து ஏத்திப் பேச வச்சாங்க. அந்தப் பதிவு டி.வி.யில எல்லாம் ஓடுச்சு. கடைசியில கர்நாடக அரசுக்கு எதிரான செல்வி வழக்குல, 2010 மே 5ல உச்ச நீதிமன்றம் நிறுத்திடுச்சு: சம்மதம் இல்லாம நார்கோ, பாலிகிராஃப், மூளைப் பதிவு எதுவுமே கூடாது. தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுங்கிற அரசமைப்புச் சட்டம் 20(3), வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு.

அப்ப கமாண்டர் என்னதான் பண்ணணும்? வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திறந்து வைக்கணும். இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. எடையில்லாத இடத்துல ரத்தம் கீழ சொட்டாது. கீழன்னே ஒண்ணு இல்லையே. விழுந்து இழுபடுறதுக்குப் பதிலா, மேற்பரப்பு இழுவிசையால உருண்டு திரண்டு, பட்ட இடத்துல ஒட்டிக்கும். 2024ல இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க: விமானத்தை மேலயும் கீழயும் பாய விட்டு, சில விநாடி எடையில்லாத நிலையில கிளிசரினும் சிவப்புச் சாயமும் கலந்த போலி ரத்தத்தைச் சிதறவிட்டுப் பார்த்தாங்க. தரையில ரத்தக் கறையை வச்சுப் போலீஸ் போடுற கணக்கு அங்க அப்படியே ஒத்து வராது.

அடுத்தது, வடிகட்டி. நிலையத்துக்குள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்கும். முடி, நூல், தோல் துகள், தொலைஞ்ச சின்னச் சாமான் எல்லாமே மெல்ல மிதந்து காத்து உறிஞ்சுற வலையில போய் ஒட்டும். தடயம் தானா ஒரு இடத்துல சேருது. ஆனா வாராவாரம் அந்த வலையைச் சுத்தம் பண்றதும் அங்க வழக்கமான வேலை. அன்னிக்கு யாராவது கடமை தவறாம வேக்குவம் கிளீனரை எடுத்தா வழக்கு முடிஞ்சது. அதனால கமாண்டரோட முதல் உத்தரவு "யாரும் எதையும் சுத்தம் பண்ணாதீங்க"ன்னுதான் இருக்கணும். அப்புறம் கேமரா பதிவு, கதவுப் பதிவு, எல்லாத்தையும் உடனே பீன்யாவுக்கு இறக்கிடணும்.

பீன்யாவுல யார் வாங்கிக்குவாங்க? குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173வது பிரிவுப்படி, குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். போடலாம். பெங்களூருல ஒரு சப் இன்ஸ்பெக்டர், சம்பவ இடம்கிற கட்டத்துல என்ன எழுதுவார்னு நினைச்சா சிரிப்பு வருது, ஆனா எழுதலாம். வழக்கு நடத்த மட்டும் 208வது பிரிவுப்படி மத்திய அரசோட முன் அனுமதி வேணும்.

இவ்வளவு அவசரமா இதெல்லாம் யோசிக்கணுமான்னு கேட்டா, நமக்கு ஒரு கடல் அனுபவம் இருக்கு. 2012 பிப்ரவரி 15, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். என்ரிகா லெக்ஸிங்கிற இத்தாலிய எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதுல ரெண்டு மீனவர்கள் இறந்தாங்க. அதுல ஒருத்தர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கேரள போலீஸ் கைது பண்ணுச்சு. அதுக்கு அதிகாரம் இல்ல, மத்திய அரசுதான்னு 2013ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. தேர்தல்ல ஓட்டுப் போட ஊருக்கு அனுப்பினா, திருப்பி அனுப்ப மாட்டோம்னு இத்தாலி சொல்லுச்சு. தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு நம்ம நீதிமன்றம் சொல்ல வேண்டியதாச்சு. கடைசியா 2020ல நடுவர் தீர்ப்பாயம், அவங்க அரசு அதிகாரிகள், இந்தியாவுல வழக்கு நடத்த முடியாது, ஆனா நஷ்டஈடு குடுக்கணும்னு முடிச்சது. அது 10 கோடி ரூபாய்னு பிறகு முடிவாச்சு. யார் சுட்டாங்கங்கிற கேள்வி இந்திய நீதிமன்றத்துல சாட்சி விசாரணைக்கே வரல. கப்பல்ங்கிற சொல் சட்டத்துல இருந்தும் இந்த நிலைமை. நம்ம கற்பனை அதிகாரியும் ராணுவ உடுப்புக்காரர், அவரும் இதே விலக்கைக் கேட்பார்.

விண்வெளிக் குற்றத்துக்கு முன்கூட்டியே சட்டம் போட்ட நாடும் இருக்கு: கனடா 2022லயே தன்னோட குற்றவியல் சட்டத்தை நிலா வரைக்கும் நீட்டிடுச்சு. தன் நாட்டு வீரர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குற வெளிநாட்டு வீரரையும் அதுல சேர்த்திருக்கு. நம்ம ஊர்ல விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவோட வரைவு 2017ல வந்தது, இன்னும் சட்டமாகலை. நிலையத்தோட முதல் பகுதியை 2028லயும், முழு நிலையத்தை 2035லயும் கட்டி முடிக்கிறதா இலக்கு வச்சிருக்காங்க.