கண் தெரியாதவருக்கும் புயல் எச்சரிக்கை எட்ட வேண்டும்



புயல் நேரத்தில் டி.வி.யில் என்ன சொல்றாங்க? "படத்தில் பாருங்கள், இந்த இடத்தில் நிலைகொண்டுள்ளது" என்கிறார்கள். உதவி எண் திரைக்கு அடியில் ஓடுகிறது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் அப்படித்தான். 1 முதல் 11 வரை எண் உண்டு. பகலில் கூண்டு, இரவில் விளக்கு. எல்லாமே கண்ணால் பார்க்க வேண்டியவை. கோரைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ பார்வை போன ஒரு பாட்டிக்கு இதனால் என்ன பயன்? நாம் ஏரியில் இறால் தடவப் போய்விட்டால், வீட்ல அவர் தனியாகத்தானே இருக்கிறார்?

ரேடியோவில் படம் கிடையாது. அதனால் எத்தனாம் எண் கூண்டு, எந்தப் பக்கத்துக் காத்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லியே ஆகணும். கரண்ட் போனாலும், செல்போன் டவர் படுத்தாலும் பேட்டரி ரேடியோ கேட்கும்.

பார்வையற்றோருக்கென்றே பி.பி.சி. 1961 முதல் 'இன் டச்' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1969-ல் செய்தித்தாளையும் புத்தகத்தையும் ரேடியோவில் வாசிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 2014-ல் 'ரேடியோ உடான்' என்ற இணைய வானொலியைப் பார்வையற்றவர்களே ஆரம்பித்தார்கள். 2022-ல் நாக்பூரில் 'ரேடியோ அக்ஷ்' வந்தது. ஆனால் இவை இணையம் வழியாக வருபவை. உடானில் பெரும்பாலும் இந்திதான். நம்ம பாட்டிக்கு ஒத்து வராது.

பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகத் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி தமிழில் பேசுகிறது. ஆனால் சமுதாய வானொலி 10, 15 கிலோமீட்டர் தூரம்தான் எட்டும். ஆகவே நமக்கு இப்போதைக்கு சென்னை வானொலிதான்.

பாட்டிக்கு வாங்கும் ரேடியோ, திருகு வைத்த சின்னப் பெட்டியாக இருக்கட்டும். ஸ்டேஷன் கிடைக்கும் இடத்தில் நகப்பூச்சால் மேடாக ஒரு பொட்டு வையுங்கள். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். மாற்று பேட்டரியும் பக்கத்திலேயே இருக்கணும். (கண்புரை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும்.)

ஊரில் மைக் பிடிப்பவரிடமும் சொல்லி வையுங்கள். "அங்கே போங்க" என்று கை காட்டினால் போதாது. எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு வழி, யார் வந்து கூட்டிப் போவார் என்று பெயரோடு சொல்லணும்.

உங்கள் தெருவில் பார்வை குறைந்தவர் இருக்கும் வீடுகளை எழுதிக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பட்டியலை ஊராட்சியில் கொடுப்போம்.