பாட்டிக்கு மூன்றரை நிமிஷம்!

நிதியமைச்சகத்தில் உத்தியோகம். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'வேலையை விட்டுட்டேன், கதை எழுதப் போறேன்' என்று பையன் வந்து நின்றால் வீட்டில் என்ன நடக்கும்? 1948-ல் டோக்கியோவில் அப்படி ராஜினாமா செய்தவர் கிமிடாகே ஹிராவோகா. புனைபெயர் யுகியோ மிஷிமா. வேலை போனது, ஜப்பானுக்கு ஒரு மகா எழுத்தாளர் கிடைத்தார்.

ஆனால் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது கதைகளுக்காக மட்டுமில்லை. 1970 நவம்பர் 25-ம் தேதி, தான் நடத்திவந்த குட்டிப் படையிலிருந்து நாலு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு இச்சிகாயா ராணுவ முகாமுக்குப் போனார். தளபதியைப் பிடித்து நாற்காலியில் கட்டினார். பால்கனியில் நின்று, 'சக்கரவர்த்திக்காகக் கிளம்புங்கள்' என்று சிப்பாய்களிடம் முழங்கினார். கீழே ஒரே கேலி, கூச்சல். பாதிப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. உள்ளே போனவர் சாமுராய் பாணியில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 45.

இதை 1985-ல் பால் ஷ்ரேடர் படமாக எடுத்தார். இசை, அமெரிக்கரான ஃபிலிப் கிளாஸ். (நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டியவர், குழாய் ரிப்பேர் பார்த்தவர். பாட்டு சோறு போட அவருக்கு நாற்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது!) நாவல் காட்சிகள் கலரில் வரும், அதற்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. பழைய வாழ்க்கை கறுப்பு வெள்ளை. அதற்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். இந்த நாலு பேர் சங்கீதத்தைத் தனியாகத் தொகுத்ததுதான் அவருடைய மூன்றாவது ஸ்டிரிங் குவார்ட்டெட், 'மிஷிமா'. ஆறு பாகம். மொத்தமும் இருபது நிமிஷத்துக்குள்.

இதை 'மினிமலிசம்' என்கிறார்கள். சின்னதாக ஒரு சங்கதி. திரும்பத் திரும்ப அதுவே. நடுவில் ஒரு ஸ்வரம் மாறும், ஒரு தட்டு கூடும். 'என்ன சார், ரெக்கார்டு மாட்டிக்கிச்சா?' என்று கேட்பவர்கள் உண்டு. தாளத்தைச் சின்னச் சின்ன அடிகளாகக் கூட்டிக்கொண்டே போகிற இந்த வித்தையை கிளாஸ் பிடித்தது, 1960-களில் பாரிஸில் ரவிசங்கரிடமும் தபலா அல்லா ராக்காவிடமும்.

விஷயம் இனிமேல்தான். அத்தனை பத்திரிகைகளும் தலைப்புப் போட்ட அந்த இச்சிகாயா நாளுக்கு கிளாஸ் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? குரோனாஸ் குழுவினரின் பதிவில் சுமார் ஒன்றரை நிமிஷம்! மெதுவாக, கிசுகிசுப்பாக ஆரம்பித்து, அதுதான் அது என்று புரிவதற்குள் முடிந்துவிடுகிறது. முழக்கம் கிடையாது. அடுத்து வரும் 'பாட்டியும் கிமிடாகேயும்' மூன்றரை நிமிஷத்துக்கு மேல்.

பிறந்த சில வாரத்திலேயே தாயிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி, தன் வியாதிப் படுக்கை அறையில் வைத்து வளர்த்தவள் அந்தப் பாட்டி. வெயில் கூடாது, பையன்களோடு விளையாடக் கூடாது. பன்னிரண்டு வயசு வரை இதே கதி. முப்பது வயசில் வெறியோடு கர்லா தூக்கப் போன ஆசாமியை (அதற்கும் ஒரு பாகம் உண்டு) இங்கேயிருந்து பார்த்தால்தான் புரிகிறது. அவர் அரசியலை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த இருட்டு அறைப் பையனை என்ன செய்வது?

ராத்திரி வீடு அடங்கினப்புறம் கேளுங்கள். முதல் தடவை, மூன்றாவது பாகத்திலிருந்து.