காவிரி வண்டலில் கருக்கொள்ளும் திருமேனிகள்

கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரையில் அமைந்த திருத்தலம் சுவாமிமலை. அறுபடை வீடுகளுள் நான்காவதாகப் போற்றப்படும் இத்தலத்தில், தந்தைக்கே பிரணவப் பொருளை உபதேசித்த சுவாமிநாதப் பெருமான் எழுந்தருளியுள்ளார். தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகளை ஏறித் தரிசித்து இறங்கும் அன்பர்களின் செவியில், அவ்வூர்ப் பட்டறைகளின் உளியோசை விழும். ஆலயங்களில் வீதியுலா எழுந்தருளும் ஐம்பொன் திருமேனிகள் பல இங்கே வடிக்கப்பட்டவை.

இக்கலைக்கு வேண்டியவற்றை இயற்கையே அளித்திருக்கிறது. திருமேனியின் அளவுகளைக் குறிக்க ஸ்தபதி முதலில் எடுப்பது தென்னை ஓலைக் கீற்று. உருவத்தின் உயரத்துக்கு அதை நறுக்கி, சிற்ப சாத்திரம் கூறும் தாளக் கணக்குப்படி மடித்துக்கொள்கிறார். ‘ஒடியோலை’ என்பது அதன் பெயர். பின்னர், தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் மூர்த்தியின் வடிவம் உருவாகிறது.

அடுத்து வருவது காவிரியின் கொடை. ஆறு கொணர்ந்து சேர்த்த வண்டல் மண்ணைக் குழைத்து, மெழுகு வடிவத்தின்மீது மெல்லப் பூசி நிழலில் உலர்த்துகின்றனர். மாவினும் மென்மையான அம்மண், விரல் நகத்தையும் ஆரத்தின் மணியையும் பிசகாமல் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அதன்மேல் மீண்டும் மண் அப்பி, கம்பியால் இறுகக் கட்டித் தீயிலிட, மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் வார்க்கப்படுகிறது. ஆறியபின் மண்கூட்டை உடைத்தால்தான் இறைவனின் திருவுருவைக் காணலாம். ஒரு கூட்டில் ஒரு திருமேனியே பிறக்கும். ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. உடைந்த மண் மீண்டும் மண்ணோடு சேர்கிறது.

சுவாமிமலைச் செப்புத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை. 2023-இல் ஜி-20 மாநாட்டையொட்டித் தில்லியில் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜப் பெருமானும் இவ்வூர் ஸ்தபதியரின் கைவண்ணமே.

இத்தகைய கலைக்கு ஆதாரமான வண்டல், ஆறு வாழ்ந்தால்தான் கிடைக்கும். பெருக்கெடுத்து வரும் புதுவெள்ளமே மேட்டு நிலங்களின் நுண்மண்ணைச் சுமந்து வந்து கரையில் படியச் செய்கிறது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை நீரைத் தேக்கும்போது வண்டலும் அங்கேயே பெருமளவு தங்கிவிடுகிறது. பாசனத்துக்கு அணை இன்றியமையாதது. அதனாலேயே, கீழே எஞ்சியுள்ள மண்ணைக் காப்பது மேலும் அவசியமாகிறது. மணலை வரைமுறையின்றி அள்ளுவதும், சாயக்கழிவையும் சாக்கடையையும் ஆற்றில் கலப்பதும் அந்த மண்ணைக் கெடுக்கும் செயல்களாகும்.

பக்தர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நீராடியபின் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டு வருவதும், பூசைப் பொருள்களைப் பிளாஸ்டிக் பையோடு நீரில் எறிவதும் பல படித்துறைகளில் காணும் காட்சி. அவை மட்காமல் மண்ணில் புதைந்து கிடக்கும். ஆடிப்பெருக்கன்று காவிரியன்னைக்கு மஞ்சளும் மலரும் சமர்ப்பிப்போர், பையையும் துணியையும் வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். பேரக் குழந்தைகளுக்கும் அதைப் பழக்கலாம். நாளை வீதியுலா வரப்போகும் மூர்த்தி உருப்பெற வேண்டிய மண், இன்று நாம் கால் நனைக்கும் அந்தப் படித்துறைக்குக் கீழேதான் இருக்கிறது.