மேக் கருவியில் 'அடி' என்னும் கலைச்சொல்

ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மேக், மூலக்கோப்புகளிலிருந்து நிரலைக் கட்டமைக்கும் கருவியாகும். அதன் க்னூ வடிவத்தில், வாய்பாட்டு விதியிலுள்ள '%' குறியோடு பொருந்தும் எழுத்துத்தொடர், சொல்லின் அடிக்கு மொழியியலார் வழங்கும் ஆங்கிலப் பெயராலேயே சுட்டப்படுகிறது. இதனைப் 'பகுதி' எனப் பெயர்த்தல் பொருந்தாது. பகுபதத்தில் பகுதி முதனிலையாகும், 'லிப்%.ஏ' என்னும் வாய்பாட்டிலோ இருபுறமும் ஒட்டுகள் சூழ இத்தொடர் இடையில் நிற்கிறது. கோப்புப் பாதை வருமிடத்துச் சிக்கல் மிகும். வாய்பாட்டில் சாய்கோடு இல்லையெனில், 'மூலம்/லிப்எண்.ஏ' என்னும் பெயரின் அடைவு நீக்கப்பட்ட பின்னரே ஒப்பீடு நிகழும். பொருந்தியபின் அவ்வடைவு மீண்டும் முன்னே சேர்க்கப்படும். ஆகவே இங்கு அடி 'மூலம்/எண்' என்பதாம். கோப்புப் பெயரில் இவ்வுரு தொடர்ச்சியாக எங்கும் இல்லை. 'பகுதி' என்று படிப்பவர் அதனைப் பெயரின் ஒரு துண்டாகவே தேடுவர்.