செஞ்சி முற்றுகையும் முகலாயப் பேரரசின் தளர்ச்சியும்

செஞ்சி என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவன் தேசிங்குராஜன். 1714இல் களத்தில் மாண்ட அவ்விளைஞனின் கதைப்பாடலைக் கற்பிக்கும் நாம், அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னர் அதே கோட்டையைச் சுற்றி முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் (1690-1698) கிடந்த செய்தியைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். எல்லை மீறிய போரும் உள்நாட்டுப் புறக்கணிப்பும் ஒரு பேரரசை எவ்வாறு தளர்த்துகின்றன என்பதை விளக்க இம்முற்றுகை தக்கதொரு சான்றாகும்.

கலகம் செய்த தம் மகன் அக்பரைத் தொடர்ந்து 1681இல் தக்காணம் வந்த அவுரங்கசீப், 1707இல் அகமதுநகரில் இறக்கும்வரை வடநாடு திரும்பவேயில்லை. பீஜப்பூர் 1686இலும் கோல்கொண்டா 1687இலும் வீழ்ந்தன. மராத்திய மன்னர் சம்பாஜி 1689இல் கொல்லப்பட்டார். வரைபடத்தில் பேரரசு அன்றுபோல் என்றும் விரிந்திருந்ததில்லை. ஆயினும் போர் முடியவில்லை. சம்பாஜியின் தம்பி இராஜாராம் செஞ்சிக்குத் தப்பிவந்து அங்கிருந்து ஆளத் தொடங்கினார்.

மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அக்கோட்டையை முழுமையாகச் சூழ்ந்து அடைக்கத் தளபதி சுல்பிகர் கானிடம் போதிய படையில்லை. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வெளியிலிருந்து தானிய வரத்தைத் துண்டித்தன. முற்றுகையிட்டோரே பசியால் வாடி, 1693இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியுடன் இரகசியமாகப் பேசியதாகக் கூறி, தம் தளபதியாலேயே சிறைவைக்கப்பட்டார். படைச்செலவுக்காகச் சுல்பிகர் கான் தஞ்சை வரை சென்று திறை தண்ட வேண்டியிருந்தது. இராஜாராமின் நிலையும் செழிப்பானதன்று. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவர் ஆங்கிலேயருக்கு விற்றார். வணிகம் செய்ய வந்தவர்களுக்கு இப்போர் எத்துணை வாய்ப்பாயிற்று என்பதற்கு இவ்விற்பனை ஒன்றே போதும். 1698இல் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அங்கு இல்லை.

இப்போருக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதே முதன்மையான வினா. முகலாய அதிகாரிகளான மன்சப்தார்கள், ஊதியத்திற்கு ஈடாக ஒரு நிலப்பகுதியின் வரிவருவாயைப் பெற்றனர். இதுவே ஜாகீர் எனப்பட்டது. தக்காணத் தலைவர்களை வசப்படுத்தப் பதவிகள் தாராளமாக வழங்கப்பட்டன. ஆயிரமும் அதற்கு மேலும் தகுதியெண் கொண்ட மன்சப்தார்களுள் மராத்தியர் 1658-1678 காலத்தில் 27 பேர். 1679-1707இல் 96 பேர் என அத்தர் அலி கணக்கிடுகிறார். பதவி பெற்றும் ஜாகீர் கிட்டாதோர் பெருகினர். இதற்கு நிலப்பற்றாக்குறை காரணமன்று, வளமான புதிய நிலங்களைப் போர்ச்செலவுக்கென அரசே வைத்துக்கொண்டமையே காரணம் என்பது ஜே. எஃப். ரிச்சர்ட்ஸின் வாதம். எனக்கு இவ்வாதமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் போர் தான் வென்ற நிலத்தையே தின்றது என்பதை அது காட்டுகிறது. சில ஆண்டுகளில் மாற்றப்படும் ஜாகீர்தாருக்கு ஏரியிலோ கிணற்றிலோ அக்கறை எதற்கு? இயன்றவரை உழவரைக் கறப்பதே அவர் நோக்கமாயிற்று என இர்பான் ஹபீப் 1963இலேயே விளக்கியுள்ளார்.

தலைநகரில் பேரரசர் இல்லாத அவ்வாண்டுகளில், ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவில் இருந்த அக்பரின் கல்லறையையே ஜாட்டுகள் சூறையாடினர். இவ்வீழ்ச்சிக்கு அவுரங்கசீப்பின் சமயக் கொள்கை ஒன்றையே காரணமாகக் கூறும் பழக்கம் பாடநூல்களில் இன்னும் உண்டு. அதனை முற்றாக ஒதுக்க இயலாது. எனினும் மராத்தியரைப் பெருமளவில் பதவியில் அமர்த்திய அரசின் நெருக்கடியை அது மட்டுமே விளக்காது. மறுபுறம், அவத், பஞ்சாப் பகுதிகளில் வேளாண்மையும் வணிகமும் வளர்ந்தே இருந்தன என முசாபர் ஆலம் 1986இல் நிறுவினார். ஆகவே நாடு முழுவதும் வறுமையுற்றது என்பது மிகையாகும். வளம் இருந்தது, அதனை மையத்துடன் பிணைத்த கயிறுதான் அறுந்தது.

தம் எண்பதாம் வயதுக்குப் பின்னும் அவுரங்கசீப் நேரில் சென்று சதாரா, பன்ஹாளா, இராஜ்கட் எனக் கோட்டைகளை வளைத்தார். அவற்றுட் சில, காவலருக்குப் பணம் கொடுத்தே பெறப்பட்டவை. அவர் ஒன்றைப் பிடித்து நகர்ந்ததும் மராத்தியர் மற்றொன்றை மீட்டனர். செஞ்சியோ புந்தேலாத் தலைவன் சொரூப் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. கருநாடகத்தில் நின்ற முகலாய நிருவாகம் தில்லியின் பிடியிலிருந்து நழுவி, ஆர்க்காட்டு நவாபின் தனியரசாகிக்கொண்டிருந்தது. சொரூப் சிங் இறந்தபின் அந்நவாபு வரிநிலுவையைக் கேட்டபோது, கொடுக்க மறுத்துப் போர்க்களம் சென்றவனே அவன் மகன் தேசிங்கு.