கடைசி அலகின் விலை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவுகள் மின்சாரத்தைப் பொறுத்தவரை இரு வகைப்படும். தாம்போதிகளாலும் பாலங்களாலும் நிலத்தோடு இணைந்த காரைநகருக்கும், ஊர்காவற்துறை அமைந்துள்ள வேலணைத்தீவுக்கும், புங்குடுதீவுக்கும் தேசிய மின்வலையமைப்பின் கம்பிகள் சென்று சேர்கின்றன. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பாலுள்ள நயினாதீவும் நெடுந்தீவும், ஊர்காவற்துறையிலிருந்து படகேறிச் சேர வேண்டிய அனலைதீவும் எழுவைதீவும் அந்த வலையமைப்புக்கு வெளியே, தத்தமக்கெனச் சிறிய மின்பிறப்பாக்கி நிலையங்களையும் படகில் வந்திறங்கும் டீசலையும் நம்பி நெடுங்காலம் வாழ்ந்து வந்துள்ளன.

உயர்தர வகுப்பில் பௌதிகமும் இணைந்த கணிதமும் ஒரு பிரிவிலும் பொருளியல் வேறொரு பிரிவிலும் கற்பிக்கப்படுவதால், இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற துறைகள் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. ஆனால் மின்காந்தவியல், பொருளியல், நுண்கணிதம் ஆகிய மூன்றும் தம் அடிப்படையில் ஒரே வினாவையே எழுப்புகின்றன: ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, அது எந்த வீதத்தில் மாறுகிறது என்பதே அவ்வினா. பெரிய வலையமைப்பில் எத்தனையோ மின்நிலையங்களுக்கிடையே மறைந்துவிடும் இந்த உண்மை, ஒரே நிலையத்தை நம்பியிருக்கும் சிறு தீவில் தெளிவாகத் தெரிகிறது.

மின்காந்தவியலின் அடித்தளத்தை இட்டவர்களுள் ஒருவர் மைக்கேல் பரடே. முறையான கணிதப் பயிற்சி பெறாத அவர் 1831 ஆம் ஆண்டில் செய்த சோதனைகளில், கம்பிச் சுருளுக்கு அருகே ஒரு காந்தம் அசையாமல் இருக்கும்வரை, அது எத்துணை வலிமையுடையதாயினும், சுருளில் மின்னோட்டம் பிறப்பதில்லை என்பதையும், காந்தம் அசையும்போது மட்டுமே அது பிறக்கிறது என்பதையும் கண்டார். சுருளினூடாகச் செல்லும் காந்தப் புலத்தின் மொத்த அளவைக் காந்தப் பாயம் என்பர். அப்பாயம் மாறும் வீதமே சுருளில் தோன்றும் மின்னியக்க விசையைத் தீர்மானிக்கிறது. நெடுந்தீவின் டீசல் இயந்திரம் செய்வதும் இதுவே: நான்கு முனைகள் கொண்ட காந்தத்தை நிமிடத்துக்கு 1,500 தடவை சுழற்றினால், சுற்றியுள்ள சுருள்களில் பாயம் இடைவிடாது கூடிக் குறைந்து, விநாடிக்கு 50 சுற்றுக்கள் கொண்ட ஆடலோட்ட மின்சாரம் உண்டாகிறது.

மாறும் வீதத்தை அளப்பதற்கென்றே 17 ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே வளர்த்தெடுத்த கருவி நுண்கணிதம். அதன் ஒரு கை வகையீடு. அது ஒரு கணத்தில் நிகழும் மாற்றத்தின் வீதத்தைத் தருகிறது. மற்றொரு கை தொகையீடு. அது கணந்தோறும் நிகழ்வனவற்றைத் திரட்டி மொத்தத்தைத் தருகிறது. கிலோவாற்று என்பது ஒரு கணத்தில் மின்சாரம் பயன்படும் வீதம். மின்பட்டியலில் அலகு என்று குறிக்கப்படும் கிலோவாற்று மணி அவ்வீதத்தின் தொகையீடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை. செய்தித்தாள்களும் இதிலிருந்து தப்புவதில்லை என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் இவ்வேறுபாடு தெரியாதவர் எந்த மின்திட்டத்தையும் சரிவர மதிப்பிட இயலாது. வீட்டுச் சுவரில் நெடுங்காலம் தொங்கிய பழைய மின்மானியில் சுழலும் அலுமினியத் தட்டு இந்தத் தொகையீட்டைக் கண்முன்னே செய்து காட்டியது. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலம் தட்டில் சுழலோட்டங்களைத் தூண்ட, தட்டின் வேகம் அக்கணத்தில் பயன்படும் வலுவுக்கு விகிதசமமாக அமைய, அது சுற்றிய சுற்றுக்களின் எண்ணிக்கை மாத முடிவில் அலகுகளாகி விலையாக மாறியது.

பொருளியல் இவ்விடத்தில் நுழைகிறது. ஓர் உற்பத்தியில் எதையும் ஆக்கினாலும் ஆக்காவிட்டாலும் ஏற்படும் செலவை நிலையான செலவு என்றும், இன்னும் ஓர் அலகை ஆக்குவதற்காக மேலதிகமாக ஏற்படும் செலவை எல்லைச் செலவு என்றும் பொருளியலாளர் வகுப்பர். எல்லைச் செலவு என்பது மொத்தச் செலவின் வகையீடேயன்றி வேறல்ல. 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் ஆகியோர் விலைக் கோட்பாட்டை இந்தக் கடைசி அலகின் மீது கட்டியெழுப்பினர்.

டீசல் மின்சாரத்தின் ஒவ்வொரு மேலதிக அலகுக்கும் ஏன் எரிபொருள் செலவாகிறது என்பதற்கு விடையை மின்காந்தவியலே தருகிறது. 1834 இல் லென்ஸ் வகுத்த விதிப்படி, தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும். நயினாதீவில் ஒருவர் விளக்கை ஏற்றியவுடன் பிறப்பாக்கியின் சுருளில் ஓட்டம் கூடுகிறது; அவ்வோட்டம் உண்டாக்கும் காந்தப் புலம் சுழலும் காந்தத்தைப் பின்னிழுக்கிறது; வேகம் குறையாதிருக்க இயந்திரம் அக்கணமே கூடுதல் டீசலை எரிக்கிறது. பொருளியல் நூலில் எல்லைச் செலவு என்று எழுதப்படுவது இங்கே சுழல்தண்டின் மீது விழும் எதிர்விசையாகவே நிற்கிறது. ஒரு லீற்றர் டீசலிலிருந்து ஏறத்தாழ மூன்று அலகுகள் பெறலாம். லீற்றரின் விலை 300 ரூபா என்று கொண்டால், படகுக் கூலியைச் சேர்க்காமலே, அலகொன்றின் எரிபொருளுக்கு மட்டும் 100 ரூபா செல்லும். போதாக்குறைக்கு, ஊர் உறங்கும் பின்னிரவில் தேவை மிகக் குறைந்தாலும், இயந்திரம் சுழன்றுகொண்டிருப்பதற்கே ஓரளவு டீசல் எரிந்தாக வேண்டும். ஆகவே அந்நேரத்தில் சராசரிச் செலவு எல்லைச் செலவைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்துவிடும்.

இச்சுமை தீவு மக்களின் மீது நேரடியாக விழுவதில்லை. கொழும்பிலாயினும் நெடுந்தீவிலாயினும் கட்டண வீதம் ஒன்றே என்பது இலங்கையின் கொள்கை. மேலதிகச் செலவை நாட்டின் பாவனையாளர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். கடல் நடுவே பிறந்ததற்காக ஒருவர் விளக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கலாகாது என்ற இந்த நியாயம் போற்றத்தக்கது. எனினும் விலை மறைந்தாலும் செலவு மறைவதில்லை என்பதால், அதைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டிய கடமை எஞ்சுகிறது.

சூரிய ஒளியும் காற்றும் அந்த வழியைத் தருகின்றன. எழுவைதீவில் இவற்றை டீசலோடு இணைக்கும் சிறிய கலப்பு முறை முன்னரே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான பெரிய திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் அரசியல் விவகாரமாகி, அவ்வாண்டு டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன; 2024 மார்ச் 1 ஆம் தேதி, இந்திய நன்கொடையில் திட்டத்தை நிறைவேற்ற ஒரு பெங்களூரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டத்தில் 1,700 கிலோவாற்று சூரிய சக்தி, 530 கிலோவாற்று காற்றாலை, 2,400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள் ஆகியன இடம்பெற்றன.

சூரியத் தகடு பரடேயின் விதியை நாடுவதில்லை. ஒளி படும்போது சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபட்டு நேரோட்ட மின்சாரம் பிறக்கிறது. நேர்மாற்றி என்னும் கருவி அதை ஆடலோட்டமாக்குகிறது. எரிபொருள் இல்லாததால் எல்லைச் செலவு ஏறத்தாழச் சுழியம். செலவின் பெரும்பகுதி தொடக்க முதலீட்டில் அடங்கிவிடும். காற்றாலையிலும் அவ்வாறே, எனினும் காற்றின் வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு விகிதசமமாவதால் அங்கே கணிதம் கடுமையாகிறது: வேகம் விநாடிக்கு 5 மீற்றரிலிருந்து 6 மீற்றராக ஐந்திலொரு பங்கு உயர்ந்தால், வலு 73 வீதம் உயரும். ஆகையால் சோழகக் காற்று வீசும் மாதங்களுக்கும் காற்று ஓய்ந்த மாதங்களுக்குமிடையே உற்பத்தி பெரிதும் வேறுபடும்.

முதலில் வைக்கப்படும் தகடுகள் பகல் முழுதும் டீசலை மிச்சப்படுத்துகின்றன. தகடுகள் பெருகப் பெருக நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மேல் எஞ்சத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு புதிய தகடும் முந்தியதைவிடக் குறைவாகவே மிச்சம் பிடிக்கும். எஞ்சியதை மின்கலத்தில் சேமித்தால் அதன் பெறுமதி, மாலையில் எரிக்காமல் விட்ட டீசலின் விலை. ஆனால் மின்கலத்துக்கும் விலையுண்டு. 400 கிலோவாற்று வீதம் எடுத்தால் 2,400 கிலோவாற்று மணி ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இறுதியாகச் சேர்த்த தகட்டுக்கும் மின்கலத்துக்கும் ஆகும் செலவு, அவை மிச்சப்படுத்தும் எண்ணெயின் விலைக்குச் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. அங்கே செலவின் வகையீடு சுழியமாகும். திட்டத்தில் 2,500 கிலோவாற்று டீசல் இன்னமும் இடம்பெற்றிருப்பதன் காரணமும் இதுவே. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வானம் தொடர்ந்து மூடியிருக்கும் ஒரு சில நாட்களுக்காக மட்டும் மேலும் மேலும் மின்கலங்களை வாங்கி அடுக்குவதைவிட, அந்நாட்களில் இயந்திரத்தை இயக்குவது செலவு குறைந்தது. மின்கலத்தின் விலை குறையக் குறைய அந்தச் சமநிலைப் புள்ளி நகர்ந்து, டீசல் எரியும் நாட்களும் குறையும்.